பால் நோட்டின் பின்பக்கம்

முன்பக்கம் சொசைட்டிக்காரர் எழுதுவது:
காலை நாலு லிட்டர், மாலை மூணே கால்.
பின்பக்கம் நான் எழுதுவது.

கார்த்திகை எட்டு. மக்காச்சோளம், கிழக்கோரம் ரெண்டு வரிசை.
கதிரை முழுசாகத் தின்னவில்லை.
பால் பிடித்த நுனியை மட்டும் கடித்துவிட்டுப் போட்டிருக்கிறது.
பதினொன்று. கொள்ளு. பூ மட்டும்.
பிஞ்சு இறங்கியதும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.
பதினாலு. பக்கத்துக் காட்டுத் தட்டைப்பயறு, கொழுந்து.
அதற்காக என் எள்ளை மிதித்துக்கொண்டே போயிருக்கிறது,
எள்ளில் ஒரு வாய் வைக்காமல்.
நட்டத்தைவிட எனக்கு அது அவமானமாக இருந்தது.

நட்டஈடு கேட்க வேண்டுமென்றால்
தேதி வேண்டும், பயிர் வேண்டும் என்றார் வாட்சர் ஜடையன்.
அதற்காகத்தான் தொடங்கினேன்.
பணம் வரவில்லை. எழுத்து நிற்கவில்லை.
குளம்படி மண் ஈரமா, உலர்ந்ததா என்று
விரல் வைத்துப் பார்க்கிற அளவுக்குப் போய்விட்டேன்.

மார்கழித் தேய்பிறையில் சிலம்பணன் வந்தான்.
நெற்றியில் லைட்டு, சாக்குச் சுற்றிய நீளச் சாமான்,
பைக்கின் பின்னால் வாய் திறக்காத ஒரு திருப்பூர்ப் பையன்.
தைநோம்பிக்குக் கறி கேட்டு ஆள் நிற்கிறதாம்
சத்தியமங்கலத்தில்.
“ஏனுங்கக்கா, உங்களுக்குத் தெரியாதுங்களா
இப்ப எந்தக் காட்டுல மேயுதுன்னு?”

தெரியும்.
முதல் வேட்டுக் கேட்ட நாளிலிருந்து
அவை மக்காச்சோளத்துக்குள் நுழைவதில்லை.
தட்டு உரசுகிற சத்தத்தில்
ஆள் வருவது காதில் விழாது.
வெட்டவெளியாய்க் கிடக்கிற கடலைக்காட்டுக்கும் இல்லை.
பிடித்ததையெல்லாம் விட்டுவிட்டு
இட்டேரி ஓரம், கிளுவை இருட்டில்,
நார் ஏறிய கொள்ளுத்தழையைத் தின்றுகொண்டிருந்தன,
பத்தியச் சோறு தின்கிறவர்கள் மாதிரி.

“ஆறுச்சாமி மஞ்சக்காட்டுக்குப் போ” என்றேன்.

மஞ்சளை மான் தொடாது.
நாலு வருஷ நோட்டில் மஞ்சளுக்கு ஒரு வரி கிடையாது.
ராத்திரி முழுக்க வாய்க்கால் கொசுவுக்கு
ரத்தம் கொடுத்துவிட்டு வரட்டும் என்று
கதவைச் சாத்திப் படுத்தேன்.
சிரிப்புகூட வந்தது.

ரெண்டரைக்கு ஒரு வேட்டு.
கட்டுத்தறியில் எருமை எழுந்து நின்றது.
இன்னொன்றுக்குக் காத்திருந்தேன்.
அவனுக்கு ஒன்றே போதுமாயிருந்தது.

விடியுமுன் வாசலில் பைக்.
“நீங்க சொன்னது சரிங்கக்கா.
மேயலீங்க. இடுப்பொசர மஞ்சளுக்குள்ள
படுத்துக் கெடந்துதுங்க, எட்டோ பத்தோ.
கண்ண மூடி அச போட்டுட்டு.”
பால் கேன் மூடிமேல் ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனான்.
சுற்றியிருந்தது மஞ்சள் இலை.

கிணற்றோரம் புதைத்தேன். நாய் தோண்டியது.
ஆழமாகப் புதைத்தேன்.
தின்னுமிடம் அத்தனையும் தெரியும் எனக்கு.
தின்னாத ஒரு காடு எதற்கு உதவும் என்று
நாலு வருஷத்தில் ஒரு நாளும் குனிந்து பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் ஜடையன் வந்தார்.
ஆறுச்சாமி காட்டில் ரெண்டு பாத்தி சாய்ந்து கிடக்கிறதாம்,
நட்டஈடு கேட்கிறானாம்.
“மஞ்சள மான் திங்குங்களா?”
“திங்காதுங்க” என்றேன்.
நோட்டைக் கேட்டார். கொடுத்தேன்.
பின்பக்கம் அந்த வாரம் முழுக்க வெள்ளையாக இருந்தது.
ஒன்றும் சொல்லாமல் திருப்பி
முன்பக்கத்தைப் பிரித்தார்.
காலை நாலு, காலை நாலு, காலை நாலு,
அப்புறம் ஒரு நாள் மட்டும் மூணு.
அந்தத் தேதிமேல் விரலை வைத்துக்கொண்டு
கட்டுத்தறிப் பக்கம் பார்த்தார்.

“எருமைக்கு என்னங்க ஆச்சு?”