எட்டாம் மணியின் பட்டை

மாலை ஆறு மணிக்குச் செல்களுக்கு மருந்தூற்றினேன்.
இனிப் புதிதாய் ஒரு புரதமும் பிறக்காது.
இருப்பது எவ்வளவு நேரம் தாங்கும் என்று
விழித்திருந்து பார்ப்பதுதான் சோதனை.
பூச்சியம், ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு:
ஐந்து குழாய்கள், மூடிகளில் என் கையெழுத்து.
பாசல் நகரத்தில் நவம்பர்.
ஜன்னலுக்கு வெளியே ரைன்
தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கிறது.

நான் தேடும் புரதத்துக்கு ஃபாக்ஸ்-பி-த்ரீ என்று பெயர்.
அது உள்ளே இருக்கும்வரைதான் அந்தச் செல் காவற்காரன்.
காவற்காரன் என்றால் அடிக்கிறவன் இல்லை,
ஓங்கின கையைப் பிடிக்கிறவன்.

மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி.
அங்கே வளர்பவற்றில்
சொந்த உடம்பைக் கண்டு சினப்பவை
பெரும்பாலும் அங்கேயே சாகும்.
சிலதுமட்டும் சாகாமல்
சினம் தணிக்கப் பழகி வெளியே வரும்.
ஏன் அவைமட்டும்?
கேள்வி எனக்கு முன்பே இந்தக் கட்டடத்தில் இருந்தது.

ஏழு மணிக்குக் கையுறையைக் கழற்றினேன்.
விரல் நுனிகளில் வெள்ளை.
இடது மணிக்கட்டில் ஒரு தீவு,
போன மாதத்தைவிடப் பெரிதில்லை.
என் தோலின் நிறத்தை என் படையே தின்கிறது.
லவ்சானில் ஒரு கலியாண வீட்டில்
பலகாரத் தட்டை நீட்டினேன்.
"தொற்றாதுதானே பிள்ளை?"
கேட்டுவிட்டுத்தான் அந்த மாமி வாங்கினா.
தொற்றாது என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.
முறுக்கு உடைந்த சத்தம் நினைவிருக்கிறது.

வேண்டாத புரதத்தின் முதுகில் முத்திரை விழும்.
யூபிக்விட்டின்.
ஒன்று போதாது; நான்கு கோர்த்துத் தொங்கினால்
பீப்பாய் மாதிரி ஒரு வண்டி வந்து விழுங்கும்.
துண்டுகள் மிஞ்சும்.
துண்டுகளில் வேறேதோ கட்டுவார்கள்.

பாசலில் இதை விளக்குவது சுலபம்.
நகரசபையின் நீலப் பையில் கட்டினால்தான் குப்பை போகும்.
மற்றப் பை தெருவிலேயே கிடக்கும்,
கீழ்வீட்டு ரூட்சி அம்மையார் அதைப் பிரித்து
கடித உறைகளில் பெயர் தேடுவார்.

என் முதுகிலும் ஓர் எழுத்து இருந்தது: என்.
பிறகு எஃப். பிறகு பி.
ஒவ்வொன்றும் மாறுமுன்
தபால்பெட்டிச் சாவி பூட்டில் நுழைய மறுத்தது.

முத்திரையைக் கழற்றும் நொதியும் உண்டு.
வண்டிக்கு முன் அது வந்துவிட்டால்
காவற்காரன் இன்னுமோர் இரவு காவற்காரன்.
உடம்பில் தீ மூண்டாலோ
முத்திரை குத்துகிறவர்கள் முந்திவிடுவார்கள்.
காவல் வேண்டிய வேளை பார்த்துக்
காவற்காரன் கரைகிறான்.

பத்து மணிக் குழாயை ஐஸில் வைக்கையில்
பெனடிக்ட் எட்டிப் பார்த்தான்.
"வண்டியையே நிறுத்தினால் என்ன?"
பக்கத்துத் தட்டில் அதைத்தான் செய்திருந்தேன்.
அவனுக்குச் சொல்லவில்லை.
எனக்கும் அந்த ஆசை இருந்தது.

அதிகாலை இரண்டு. நுண்ணோக்கியின் கீழ்
வண்டி நிறுத்திய தட்டில்
பாதிக்குமேல் உருண்டு மிதந்தன.
எதையும் வெளியே போடாத வீடு.
மிச்சம் இருந்தவற்றை உடைத்துக் குழாயில் எடுத்தேன்.

டிராம் இல்லை. ட்ரைரோசன் பாலத்தில் நடந்தேன்.
வீட்டில் நீலப் பை பாதி நிரம்பியிருந்தது.
அலமாரியிலிருந்து பழைய கடிதங்களை எடுத்து
அதற்குள் போட்டேன், முத்திரைகளோடு.
ஒன்றைத் திரும்ப எடுத்தேன்.
ஏனென்று இன்னும் யோசிக்கவில்லை.
ஏழு மணிக்கு வண்டி வந்த சத்தத்தில்
விழித்துத் திரும்பிப் படுத்தேன்.

மறுநாள் மாலைதான் பட்டைகள் தெரிந்தன.
நிறுத்திய தட்டில் கடைசிவரை ஒரே கறுப்பு:
புரதம் இருக்கிறது, காக்க ஆளில்லை.
மற்றதில் ஒன்று, இரண்டு, நான்கு என்று வெளிறி
எட்டாம் மணிக்கு ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லையா?
விளக்கில் சரித்துப் பிடித்தேன்.
முடியளவு ஒரு கோடு.
கீறலாக இருக்கலாம். என் ஆசையாகவும் இருக்கலாம்.
குறிப்பேட்டில் எழுதினேன்:
மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும், வியாழன், ஆறு மணி.