பக்கம் மூன்று

மாசியில் முதலில் வந்தவர் எசேக்கியேல் அண்ணன்.
காங்கேயம் ரோட்டுப் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர்,
ஞாயிறானால் ஜெபவீட்டில் பிரசங்கம்.
நாலு பக்கம், ஆயிரம் பிரதி.
கோயமுத்தூர்ப் பேரணிக்கு முன்னால் கையில் வேணும் என்றார்.

ஒன்றும் இரண்டும் எனக்குப் புதிதில்லை:
சோதோம், கந்தகம், உப்புத்தூண்.
ஆணோடு ஆண் படுத்தால் மழை பொய்க்குமாம்.
நான் காற்புள்ளி வைத்தேன்.
'இயற்கைக்கு புறம்பான' என்றிருந்தது.
ஒற்றுச் சேர்த்து
'இயற்கைக்குப் புறம்பான' என்று திருத்தியவன்
நான்தான்.

மூன்றாம் பக்கத்தில் அவர்கள் வந்தார்கள்.
இதற்கெல்லாம் பணம் யூதர்கள் தருகிறார்களாம்.
வங்கி அவர்களுடையது, சினிமா அவர்களுடையது,
பையன்களை இப்படி ஆக்குவதும் அவர்களாம்.
திருப்பூரில் பிறந்த நான் ஒரு யூதரைப் பார்த்ததில்லை.
அண்ணனும் பார்த்ததில்லை.
அவர் மகன்கள் யாக்கோபு, பென்யமீன்.

"அண்ணா, உங்க பேரே அவிய பேருதானுங்களே?"
சிரித்தார். "அது வேற இஸ்ரவேல், தம்பி."
அட்வான்ஸ் ஐந்நூறு.

அன்றிரவு கரண்ட் போய்ப் போய் வந்தது.
பதினோராம் வரியில்
யூதர் குறிலாகி, யுதர் என்று நின்றது.
பார்த்தேன். விட்டுவிட்டேன்.
சோர்வா, சோம்பலா, வேறெதுவுமா,
சொல்லத் தெரியவில்லை.

பங்குனியில் சென்னியப்பன் வந்தார்.
தேங்காய்க் களம் வைத்திருப்பவர், நெற்றி நிறையத் திருநீறு.
அண்ணனின் ஜெபவீட்டை ஊருக்குள் விடக்கூடாதென்று
போன வருசம் நோட்டீஸ் அடித்தவர்.
"வாட்சப்புல வந்துதுங்க, ஆரு எழுதுனானோ, நல்லா எழுதியிருக்கான்."
கர்த்தர் இருந்த இடமெல்லாம் கலாச்சாரம்.
சோதோம் இருந்த இடத்தில் மேல்நாடு.
மூன்றாம் பக்கத்தை மட்டும் யாரும் தொடவில்லை.
பதினோராம் வரி: யுதர்.

என் பிழை.
வேறு சாமியின் கை பிடித்து
என் மேசைக்கே வந்து நின்றது.

வெள்ளிங்கிரி சாயப்பட்டறையிலிருந்து வர மணி பத்தாகும்.
அன்றைக்கு என்ன ஆர்டரோ அந்த நிறத்தில் கை இருக்கும்.
இந்த மாதம் தினமும் ஒரு நிறம்.
ஜூனுக்குப் போகிற துணி, ஆறு நிறக் கோடு,
வானவில்லில் ஒன்று குறைச்சல்.
தைப்பது எசேக்கியேல் அண்ணன் கம்பெனி.
அந்த ஓவர்டைமில்தான் அவருடைய தசமபாகம்,
அதில் ஒரு பங்கு எங்கள் பிரஸ்ஸுக்கு.

வீட்டுக்காரர் கணக்கில் அவன் எனக்குப் பெரியம்மா மகன்.
ஒன்பது வருசமாக.

"யூதர்னா ஆரு?"
"தெரியல. நம்மளுக்குக் காசு குடுக்கறவங்கன்னு போட்டிருக்கு."
"அப்படியா? ரெண்டு மாச வாடகை பாக்கி. கேட்டுப் பாரு."
சிரித்தோம்.
சோப்புப் போட்டும் போகாத நீலத்தைத் தேய்த்தபடி
அவன்தான் முதலில் நிறுத்தினான்.
"அவிய ஊருலயும் இப்படி நோட்டீஸ் அடிச்சாங்களா?"
"அடிச்சாங்க."
"பொறவு?"
நான் தட்டைக் கழுவப் போனேன்.

சித்திரையில் இன்னொரு மதம்.
பேர் சொல்ல மாட்டேன்,
சொன்னால் கணக்கு ரொம்ப அழகாக முடிந்துவிடும்.
அதே பக்கம், அதே வரி.
நெடில் போட்டால் திருத்தம், போடாவிட்டால் பிழை,
இரண்டுக்கும் பக்கத்துக்கு நாற்பது ரூபாய்தான்.
"மிஷின் ரிப்பேருங்க" என்றேன்.
பின்னால் ஓடிக்கொண்டிருந்தது மிஷின்,
கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் ஓரம்.
அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
என்னையும்.

நான் செய்தது இவ்வளவுதான். பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெள்ளிக்கிழமை என் வண்டி சீட்டில் ஒன்று செருகியிருந்தது.
எதிர் பிரஸ்ஸில் அடித்தது.
நல்ல காகிதம், மசி எங்களுடையதைவிடக் கறுப்பு.
நின்றபடியே எண்ணினேன்,
ஒன்பது, பத்து, பதினொன்று.
குறில் அப்படியே இருந்தது.