அலகு இல்லாத பெட்டி

உள்துறைமுக வீதி. பெயின்ட் கடைக்கு மேல்மாடி.
ஒரே ஒரு வேலை, வந்தவை நாற்பத்தாறு சீவி.
கொழும்பு அனுப்பிய படிவத்தில்
'அனுபவம்' என்றொரு பெட்டி;
இலக்கத்தை மட்டும் விழுங்கும்,
எழுத்தைத் தட்டினால் சிவக்கும்.

எஞ்சியது இரண்டு பேர்.

சுகிர்தராசா, பதினொரு வருடம்.
வங்கிகளின் பெயர்களை வரிசையாய்ச் சொன்னார்.
"எதையாவது உடைத்திருக்கிறீர்களா?"
"இல்லை மிஸ்" என்றார்,
கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்பவர்போல.
நான் நம்பவில்லை.
மூன்றாம் வருடத்து வெள்ளிக்கிழமையொன்றில்
வாடிக்கையாளர் அட்டவணை முழுவதையும்
ஒரே வரியில் அழித்தவள் நான்.
அந்த வரி என் சீவியில் எங்கும் இல்லை.

நஸ்மிலா கிண்ணியாவிலிருந்து.
பாலத்தில் பஸ் நின்றுபோய் அரை மணி பிந்தி வந்தாள்.
எட்டு மாதம். அதுவும் ஓர் ஐஸ் ஃபக்டரியில்,
மழைத்தண்ணீர் குடித்த கணினியிலிருந்து
படகுக்காரரின் கடன் கணக்கை மீட்டுக் கொடுத்தது.
"உடைத்தது?"
சிரித்தாள். விரல் மடக்கத் தொடங்கினாள்.
இரண்டு கையும் போதவில்லை,
என் தேத்தண்ணீர் ஆறிப்போனது.

இரவு படிவத்தைத் திறந்து
8 என்று தட்டினேன்.
பெட்டி சிவக்கவில்லை.
வருடமா மாதமா என்று அது கேட்கவுமில்லை.

மறுநாள் கொழும்பு அழைத்தது:
"இருபத்துமூன்று வயதில் எட்டு வருடமா?"
"நீங்கள் அலகு போடவில்லையே" என்றேன்.
கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.
பிறகு,
"சம்பளம் எவ்வளவு கேக்கிறா?"
அதற்குப் பிறகு வருடத்தைப் பற்றி
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இதை வெற்றியென்று எழுதிவிடலாம்.
ஆனால் சுகிர்தராசா அன்று
கதவடியில் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டியபடி
கேட்டுவிட்டுப் போயிருந்தார்:
"மிஸ், பக்கப்பும் இந்த மெஷினிலதானா கிடக்கு?
கீழ பெயின்ட் கடை. தின்னர் மணக்குது."

அன்றிலிருந்து மாலைகளில்
ஹாட் டிஸ்க்கைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு
பஸ் நிலையத்துக்கு நடக்கிறேன்.
மான்கள் வந்து பையை மோந்து பார்க்கின்றன.
உள்ளே சோறில்லை.
ஒருவருடைய பதினொரு வருடம்
சம்பளமில்லாமல்
என்னோடு உப்புவெளிக்கு வருகிறது.