விசில் வரும் வரை

ஏற்காடு வண்டியில் கண்டக்டர் நான்.
பன்னிரண்டாவது வளைவில் குரங்கு குறுக்கே பாய,
டிரைவர் பிரேக் மிதிக்க,
முன்பல் நான்கும் கம்பியோடு போயின.
அன்றிலிருந்து விசிலில் வெறும் காற்று.
"சேலம் சேலம்" என்று கூவினால்
"ஃபேலம்" என்று விழுகிறது.
பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

செவ்வாய்ப்பேட்டை, பருப்பு மண்டிக்கு மேல் மாடி.
செங்கோடன், ராணுவத்தில் பல் கட்டியவர்.
சுவரில் ஒரு போட்டோ:
உறைந்த ஏரி,
காலில் மெத்தை கட்டிக்கொண்டு
வலைக்கு முன்னால் குனிந்த ஏதோ ஒன்று.
"கரடிங்களா?"
"நான்தான்."

ஒன்பது பனிக்காலம் லடாக்கில் கோல்கீப்பர்.
நம்ம ஊர் ஆள் எப்படிங்க ஐஸில் சறுக்கினீங்க?
"சறுக்கத் தெரியாதவனைத்தான் அங்க நிறுத்துவாங்க."
ரப்பர் வட்டு பார்க்கத் தட்டுவடை அளவு,
வந்து பட்டால் கருங்கல்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்.
திங்கள் காலை அதே ஆட்கள்
வாயைப் பொத்திக்கொண்டு
இவர் நாற்காலிக்கு வருவார்கள்,
நம்ம அணி, எதிரணி, எல்லோரும்.
ஒரு சுபேதாருக்கு மூன்று முறை கட்டினாராம்.
மூன்றாவது முறை உடைத்தது இவருடைய மட்டை.
"கூலி வாங்கினீங்களா?"
"ரம் வாங்கிக் குடுத்தேன்."

எத்தனை கோல் விட்டீங்க என்று கேட்டேன்.
பதில் வரவில்லை.
என் பல்லை ராவிக்கொண்டிருந்தார்.

மே மாதம். கரண்ட் இல்லை.
வியர்த்த விரலிலிருந்து வழுக்கியது செட்டு,
மேசை விளிம்பில் ஒரு துள்ளு,
அடுத்தது படிக்கட்டு.

அறுபத்திரண்டு வயசு ஆள்
அப்படி விழுந்து நான் பார்த்ததில்லை.
முழங்கால், முழங்கை, மார்பு,
மொத்த உடம்பும் பல்லின் மேல்.
டப்பாவிலிருந்த மாவு சரிந்து
தரையெல்லாம் வெள்ளை.

ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன்.
எழுந்திருக்கவில்லை.
கழுத்தை மட்டும் திருப்பி,
"விசில் அடிக்கிற வரைக்கும்
மேல இருந்து எந்திரிக்கக் கூடாது"
என்றார். சிரிக்கிறாரா,
முட்டி பிடித்துக்கொண்டதா, தெரியவில்லை.

வயிற்றுக்கு அடியிலிருந்து
ஒரு கை வெளியே வந்தது.
உள்ளங்கையில் நான்கு பல், கீறல் இல்லை.

குடத்துத் தண்ணீரில் கழுவி மாட்டினேன்.
சட்டைப் பையில் இருந்தது எடுத்து
ஒன்று ஊதினேன்.
கீழே தெருவில் ஒரு ஆட்டோ நின்றது.

மேசைக் காலைப் பிடித்து
மெதுவாக எழுந்தார்,
லுங்கியைத் தட்டினார்,
என் தாடையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்.
"கடிங்க.
இடது பக்கம் உரசுதா?"