பாதை

மண்டூர்த் துறையில் நிற்கிறேன்.
பாதை அக்கரையில்.
எஞ்சின் சத்தம் இன்னும் கிளம்பவில்லை.
மோட்டார்சைக்கிள் சீட்டில் மடிக்கணினியை விரித்து
ராத்திரி மிச்சம் வைத்த வேலையை எடுக்கிறேன்.

பாற்சங்கத்துக்கு நான் எழுதிய சின்னப் புரோகிராம்:
எத்தனை லீற்றர், எவ்வளவு கொழுப்பு, யாருக்கு எவ்வளவு காசு.
அது கிடப்பது கோப்புறைக்குள் கோப்புறைக்குள் கோப்புறை.
'புதிசு' என்று ஒன்று,
'புதிசு கடைசி' என்று ஒன்று,
'இதுதான் கடைசி' என்று அதற்குள் இன்னொன்று.
அத்தனை படியும் இறங்கிப் போய்த்தான் கூப்பிட வேண்டும்.
வேறெங்கு நின்று கூப்பிட்டாலும்
கட்டளை காணப்படவில்லை என்கிறது,
மாட்டைக் கையில் பிடித்துக்கொண்டே
மாடு காணேல்லை என்கிறவன் மாதிரி.

"ஷெல்லில ஒரு வேலை கிடக்கம்மா" என்று
நேற்றிரவு வாய்தவறிச் சொன்னேன்.
அவ பீங்கானை வைத்துவிட்டு
ஒரு கணம் கூரையைப் பார்த்தா.
மறுகா சிரிச்சா.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கணினியிடம் பாதைகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது.
பெயர் சொன்னால் அந்தத் துறைகளில் மட்டும்
ஒவ்வொன்றாய் எட்டிப் பார்க்கும்.
என் துறையையும் எழுதிவிட்டால் போதும்,
எங்கே நின்றும் கூப்பிடலாம்.
புள்ளியில் தொடங்கும் ஒரு கோப்பில் எழுத வேண்டும்,
சும்மா தேடினால் கண்ணில் படாத கோப்பு.
எழுதினேன்.
புரோகிராமுக்கு 'ப' என்று சுருக்கப்பெயரும் வைத்தேன்.
ஜன்னலை மூடித் திறந்து
'ப' என்றேன்.
வந்தது!

அந்தப் புளுகத்தில்
கோப்புகளைக் காட்டு என்றேன். காணப்படவில்லை.
இன்றைக்கு என்ன திகதி? காணப்படவில்லை.
திரையைத் துடை. காணப்படவில்லை.
நான் எங்கே நிற்கிறேன் என்ற கேள்விக்கு மட்டும்
ஒழுங்காய்ப் பதில் வந்தது.
புதுப் பாதையை எழுதிய அவசரத்தில்
பழைய பாதைகளைச் சேர்க்க மறந்திருக்கிறேன்.

"ஏறு மகள், என்னகா முழிக்கிறாய்?"
பலகையை இறக்கியபடி சாமித்தம்பி அண்ணன்.
"பாதை அழிஞ்சு போச்சண்ணே."
அவர் குனிந்து மிதவையைப் பார்த்தார்,
எஞ்சினைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
"இந்தா நிக்குதே!"

வாவி நடுவில் காற்று.
கோழிக்கூட்டோடு ஒருவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலு பேர்,
ஒரு காஸ் சிலிண்டர்.
பெயர் சொன்னால் வராதது
முழு விலாசம் சொன்னால் வரும்.
வேரிலிருந்து ஒவ்வொரு சாய்கோடாய்த் தட்டி
எழுதியை எழுப்பினேன்.
பழைய பாதைகள், அப்புறம் ஒரு முக்காற்புள்ளி,
அப்புறம் என்னுடையது.
வீடு என்பதற்கு ஷெல்லில்
ஒரு சின்ன அலைதான் அடையாளம்.
அதைத் தட்டும்போது பாதை ஆடியது;
இரண்டு அலை விழுந்துவிட்டது.
ஒன்றை அழித்தேன்.

குருமண்வெளியில் பலகை தட்டியது.
எல்லோரும் இறங்கும் வரை நின்று
எந்தக் கோப்புறை என்றும் பாராமல்
'ப' என்றேன்.

முதல் வரி:
கோ. நேசம்மா, மூன்று லீற்றர், கொழுப்புக் குறைவு.

பின்னேரம் வீட்டுக்குப் போய்க்
கேட்க வேணும் அம்மாவிடம்,
தண்ணி ஊத்தினாவோ என்று.