மாடிப்படி

எட்டுக் கட்டில் அறையில் எனக்கு மேல்தட்டு.
கீழ்த்தட்டு ஆஸ்திரேலியப் பையன் மசூதிகளை எண்ணுகிறான்,
இதுவரை பதினொன்று.
நான் எண்ணுவது கதவுகள்.

செல்மின் தந்தி வாங்கிய கதவு.
அவளைக் கைவிட்டவன் சிகரெட் பற்றவைத்த கதவு.
மூன்று குண்டு பாய்ந்தும் சாகாத மாமனார்
சரிந்து உட்கார்ந்த கதவு:
அங்கே இப்போது கைபேசி உறை விற்கிறார்கள்.

நூற்று நாற்பத்திரண்டு அத்தியாயம்.
கன்செப்சியோன் மருத்துவமனை, டயாலிசிஸ் பிரிவு.
ஊசியேற்றி, ரத்தத்தை இயந்திரத்துக்கு அனுப்பிவிட்டு
நான்கு மணி நேரம் வேறென்ன செய்வது?
துருக்கியர்கள் ஸ்பானிய மொழியில் அழுதார்கள்,
உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.
ஏழாம் நாற்காலி எலெயுதெரியோ
ஊசி குத்தாத கையால் பந்தயம் கட்டுவார்:
இன்றைக்காவது படியேறி அவன் அறைக்குப் போவாளா?
பாதிப் படியில் நிற்பாள்.
விளம்பரம் வந்துவிடும்.

"அந்தப் படியைப் போட்டோ எடுத்து அனுப்பு"
என்றார் நான் விடுப்பு எடுத்தபோது.
"கைப்பிடியில் ஒரு கீறல் இருக்கும். அதையும்."

நேற்று நிலத்தடி நீர்த்தொட்டிக்குப் போனேன்.
தூண்கள், சிவப்பு விளக்கு, சொட்டும் கூரை.
அழகுதான்.
ஆனால் செல்மின் அங்கே வந்ததில்லை.

இன்று பெஷிக்தாஷில் படகேறினேன்.
எள் ரொட்டியில் பாதியைக் கடற்பறவை பிடுங்கிக்கொண்டது.
உஸ்குதாரில் இறங்கி, கரையோரமாக நடந்து
குஸ்குன்ஜுக் ஏற்றத்தில் மூச்சு வாங்க நின்றால்
அதே நீலக் கதவு.
பக்கத்தில் அட்டை, நான்கு மொழியில்:
இது வீடு. மணி அடிக்காதீர்கள்.

அடித்தேன்.
போட்டோவுக்காக இல்லை.
படகில் குடித்த மூன்று கிளாஸ் தேநீருக்காக.

திறந்தவள் பெயர் பெரிஹான்.
காதில் பென்சில், கையில் யாருடையதோ வரிக்கணக்கு.
என் முகத்தையும் சேர்த்து நெருக்கிய என் முழங்கால்களையும் பார்த்தாள்.
"இடது பக்கம்" என்றாள்.

திரும்பி வரும்போதுதான் கவனித்தேன்:
ஒரு கூடம், ஒரு சமையலறை,
குலுங்கிக்கொண்டிருக்கும் துணி துவைக்கும் இயந்திரம்.
படி இல்லை.
மேலே போக எதுவுமே இல்லை.

"எல்லாரும் கேட்பார்கள்" என்றாள்.
"படி நகரத்துக்கு வெளியே ஒரு கிடங்கில் இருந்தது.
படம் முடிந்ததும் பிரித்துவிட்டார்களாம்.
பலகை நல்ல பலகை."

"அந்த மழை? அறுபதாம் அத்தியாயத்து மழை?"

"தீயணைப்பு வண்டி. மூன்று இரவு.
மழை பொய்.
இதோ, இந்தச் சுவரில் ஏறிய ஈரம் பொய்யில்லை."
கையை எடுத்து வைத்துக் காட்டினாள்.
நானும் தொட்டேன்.
சுண்ணாம்பு விரலோடு வந்தது.

கதவுக்கு நீலம் அடித்தவர்கள் அவர்கள்.
இவளுக்குப் பிடித்தது பழைய பச்சை.
ஆனால் மாற்றினால் தெருவில் மூன்று காப்பிக்கடை
இவளோடு பேசாது.

கிளம்பும்போது கேட்டேன், எதையாவது அனுப்ப வேண்டுமே என்று.
"இதை எடு" என்று இயந்திரத்தைக் காட்டிச் சிரித்தாள்.
எடுத்தேன்.
வட்டக் கண்ணாடிக்குள் சுழலும் ஒரு சிவப்புத் துண்டு.

கதவைத் திறந்து வெளியே வந்தால்
எதிரே ஐந்தாறு பேர், தோளில் மூட்டை,
கைபேசிகள் உயர்ந்தன.
யாரோ ஒருத்தியின் போட்டோவில்
நீலக் கதவிலிருந்து வருவது இனி நான்தான்,
ஜிப் அறுந்த பையோடு.
"இங்கேயா குடியிருக்கிறீர்கள்?" என்று ஸ்பானியத்தில் கேட்டாள் ஒருத்தி,
பேச்சில் லிமா வாடை.
கதவை மெல்லச் சாத்தினேன்,
உள்ளே ஒருத்தி கணக்குப் பார்க்கிறாள் அல்லவா.

கீழே படகுத்துறையில் கைபேசி அதிர்ந்தது.
அங்கே காலை ஷிப்ட், ஏழாம் நாற்காலி.
சிவப்புத் துண்டின் படத்துக்குக் கீழே
எலெயுதெரியோ கேட்டிருந்தார்:

இது எந்த அத்தியாயம்?
நான் பார்க்கவில்லையே.