பொட்டலத் தாளில் ஒரு வாரம்

இறைச்சி சுற்றும் பழுப்புத் தாளில்
ஒரு முழம் கிழித்து
திங்கள் என்று எழுதினேன்.
அதற்குக் கீழே
அரை மணி நேரம் ஒன்றுமில்லை.

தாக்குவாரெம்போவில் பாதி ஊருக்கு
ஞாயிற்றுக்கிழமையை எடைபோட்டுக் கொடுத்தவன் நான்.
மாட்டின் ஒவ்வொரு துண்டுக்கும்
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பெயர் சொல்வேன்.
காய்கறிக்கு எனக்குத் தெரிந்த பெயர்
ஒன்றே ஒன்று:
தட்டோரம்.

டாக்டரம்மா தாளைத் திருப்பிக் காட்டினார்.
சிவப்பில் வட்டமிட்ட ஓர் எண்.
கொழுப்பாம்.
யாருக்கு, எனக்கா?
இருபத்தாறு வருஷமாக
விரலால் தொட்டே இத்தனை கிராம் என்பவனுக்கு
உள்ளே படிந்தது மட்டும்
தராசில் ஏறவில்லை.

நெலிதாவுக்கு இந்த வாரம் ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை.
"சமையல் உன் பாடு," என்றாள்.
"ஏழு ராத்திரிக்கும் எழுதி வை.
இல்லாவிட்டால் பசிக்கிற நேரத்தில் கை
பழைய இடத்துக்குத்தான் போகும்."
என் கையை
என்னைவிட அவளுக்குத் தெரியும்.

சரி.
திங்கள்: பருப்பு, காரட், பூண்டு.
செவ்வாய்: பருப்பு.
புதன்:

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
தெருவைக் கடந்தேன்.
சுல்மாவின் காய்கறிக் கடை.
எதிரெதிரே பத்தொன்பது வருஷம்
கையசைத்திருக்கிறோம், உள்ளே நுழைந்ததில்லை.
"கத்தரிக்காய் ஒரு கிலோ" என்றேன்.
வாய்ப்பழக்கம், "கொழுப்பு நீக்கி" என்றும் சொல்லிவிட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.
"எலும்போடு வேணுமா, எலும்பில்லாமலா?"

வரிசையில் நின்ற இருவர் சிரித்தார்கள்.
இருவரும் என் வாடிக்கை.

மூலையில் பரங்கிக்காய்கள்,
ஒவ்வொன்றும் கன்றின் தலைப் பாரம்.
முழுசாக வாங்க ஆளில்லை.
வெட்டிக் கொடுக்க அவளுக்குத் தோள்வலி.
போய் என் கத்தியை எடுத்து வந்தேன்.
எந்த உடம்புக்கும் ஒரு மூட்டு உண்டு,
பரங்கிக்கும்.
காம்புக்குப் பக்கத்தில், பள்ளத்தில்,
கத்தி தானாக வழி கேட்டுப் போகும் இடம்.
ஒரே போடு.
உள்ளே ஆரஞ்சு, விதைகள், ஈர வாசனை.
வெட்டி முடித்து
வழக்கம்போல் தரை கழுவத் தண்ணீர் தேடினேன்.
தரை சுத்தமாக இருந்தது.

"தினம் காலையில் நாலு வெட்டிக் கொடு,
உன் ராத்திரிக்கு நான் பொறுப்பு" என்று
தாளைப் பிடுங்கி அவளே நிரப்பினாள்.
செவ்வாயின் பருப்பை அடித்துவிட்டு
மக்காச்சோளக் களி, மேலே காளான்.
புதனுக்குக் கீரையும் கொண்டைக்கடலையும்,
"தண்டைத் தூக்கிப் போட்டால் கொன்றுவிடுவேன்."
வியாழன்: மிச்சம்.
மிச்சத்தையும் முன்கூட்டியே எழுதலாம் என்பது
எனக்குப் புதுசு.

வெள்ளியில் பென்சில் நின்றது.
இருபத்தொன்பதாம் தேதி.
உருகுவேயில் இருபத்தொன்பதுக்கு யார் யோசிப்பார்கள்?
உருளைக்கிழங்கு நியோக்கி,
தட்டுக்கு அடியில் ஒரு பணத்தாள்.
"முட்டை வேண்டாம், கிழங்கே ஒட்டிக்கொள்ளும்.
மேலே வெறும் தக்காளி," என்றாள்.
என் வீட்டில் எத்தனை மாதம் அப்படித்தான் நடந்திருக்கிறது,
நான் கவனித்ததேயில்லை.

சனிக்குப் பரங்கி சூப்.
ஞாயிறை மட்டும் நான் விடவில்லை.
தாளைத் திரும்ப வாங்கி எழுதினேன்:
நெருப்பு.

அதே விறகு, அதே கம்பி.
முழுக் கத்தரி, குடமிளகாய், சர்க்கரைவள்ளி,
தோலோடு வெங்காயம்.
மைத்துனன் வால்தெமார்
கம்பிக்கு அடியில் குனிந்து தேடினான்,
எங்கேயாவது ஒளித்து வைத்திருக்கிறேனோ என்று.
சொட்ட ஒன்றுமில்லாததால்
தணல் சத்தம் போடவில்லை.
அந்த அமைதி கஷ்டமாகத்தான் இருந்தது,
பொய் சொல்ல மாட்டேன்.

பாதித் தூக்கத்தில் எழுந்து வந்த நெலிதா
கருகிய கத்தரியை ரொட்டியில் தடவித் தின்றாள்.
"உப்பு போதாது."
அப்புறம், வாயைத் துடைக்காமலே,
"அடுத்த வாரத்துக்கு எழுதிட்டியா?"

தாளைத் திருப்பினேன்.
பின்பக்கம் காலி,
காசளவு ஒரு கறையைத் தவிர.
தக்காளியா, பழசா, தெரியவில்லை.
கொஞ்சம் தள்ளி
திங்கள் என்று எழுதினேன்.